பிரிகேடியர் திரும்ப வரணும்

சென்ட்டு அடிச்சது போதும் தம்பி, மூடி வைங்க. டப்பாவுல பாதி உங்க சட்டையில போச்சு, மீதி முன்சீட்டு அம்மா கொண்டையில போச்சு. குறை சொல்லல. ஆரப்பாளையத்துல பஸ் ஏறுனதுல இருந்து இந்த வேர்வையில உக்காந்து வர்றோம், நாலு பேருக்கு நடுவுல மனுசன் சுத்தமா இருக்கணும்னு நினைக்கிறீங்க, நல்ல பழக்கம்தான். ஆனா என்ன எழவு அது? தோளோட தோள் ஒட்டி உக்காந்திருக்கேன், எனக்கு ஒரு பொட்டு வாசம் வரலையே! புஸ்ஸு புஸ்ஸுன்னு சத்தம் மட்டும்தான் வருது. காத்தை அடைச்சு விக்கிறான், நீங்களும் வாங்கிப் பையில வச்சிக்கிறீங்க.

எங்க, சேலமா? நல்லது. நான் ஓசூர். ஒரு கம்பெனி மொதலாளியப் பாக்கப் போறேன். பாக்குறதுன்னா, சட்டையப் புடிக்கப் போறேன்னு வச்சுக்கங்களேன்.

பேரு சௌந்திரபாண்டி. திருநகர்ல மாஸ்டர் வீடுன்னா கொழந்தையும் காட்டும். பள்ளிக்கூட மாஸ்டர் இல்ல, டெய்லர் மாஸ்டரும் இல்ல. ஸ்பின்னிங் மாஸ்டர். நூல் மில்லு. ஒரு ஷிப்டுக்கு முந்நூறு பேரு என் கைக்குக் கீழ. ரிட்டயராகிப் பன்னெண்டு வருசம் ஆச்சு. இன்னைக்கும் மில்லுக்காரன் எவனாவது ரோட்டுல என்னப் பாத்தா, அந்தப் பக்கமாத் திரும்பிப் போயிருவான். அவ்வளவு மரியாதை.

நீங்க அடிச்சீங்களே, அதப் பாத்ததும்தான் எனக்கு வயிறு எரியுது. பிரிகேடியர்னு கேள்விப்பட்டிருக்கீங்களா? பட்டாளத்து ஆளு இல்லங்க. கொலோன். ஆம்பளைங்களுக்குன்னு வந்த சென்ட்டு. பச்சைக் கண்ணாடிப் புட்டி, தட்டையா இருக்கும், பித்தளை மூடி. மேல குதிரை மேல ஒருத்தன் வாளோட உக்காந்திருப்பான். கேள்விப்படலையா? எப்படிக் கேள்விப்படுவீங்க. உங்க வயசுக்காரங்களுக்கு மல்லியும் ரோஜாவும் சாக்லேட்டும் வேணும். ஆம்பளை மேல சாக்லேட் வாசம்! எறும்பு மொய்க்கிறதுக்கா?

நான் மாஸ்டரான அன்னைக்கு வாங்குனது. அதுக்கு முன்னாடி அசிஸ்டென்ட்டா இருந்தேன், ஒருத்தனும் மதிக்க மாட்டான். எங்க மில் டைரக்டர் ஒருத்தரு பிரிகேடியர்தான் போடுவாரு. அவரு காரை விட்டு இறங்குனா போதும், ஆபீஸே விறைச்சுக்கும். அன்னைக்கே முடிவு பண்ணுனேன், நமக்கும் இதுதான்னு. காலையில ஷேவ் பண்ணிட்டு உள்ளங்கையில ஊத்தி, கன்னம், கழுத்து, ரெண்டு முழங்கை. அப்புறம் கைக்குட்டையில கொஞ்சம். பஞ்சுத் தூசிக்கு நடுவுலயும் அந்த வாசனை கத்தியாட்டம் போகும்.

இப்ப நான் சொல்றதை நம்புவீங்களோ மாட்டீங்களோ. என் சர்வீஸ்ல, என் ஷிப்டுல, ஒருத்தன் தூங்கி நான் பாத்ததில்ல. ஒருத்தன் பீடி புடிச்சு நான் பாத்ததில்ல. கூடிக் கதை பேசிப் பாத்ததில்ல. நான் உள்ள போறப்ப எல்லாம் அவனவன் மெஷின் முன்னாடி நிப்பான், சிலை மாதிரி. மத்த மாஸ்டருங்க தெனமும் ரெண்டு பேரைப் புடிச்சு மெமோ குடுப்பாங்க. எனக்கு அந்த வேலையே இல்ல. கட்டுப்பாடுன்னா அது. ரிட்டயர்மென்ட் விழாவுல மைக்கைப் புடிச்சு எங்க மேஸ்திரி ஒருத்தன் சொன்னான்: "யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னேன்னு சொல்லுவாங்க. எங்க மாஸ்டரு நாலு மெஷினுக்கு அங்கிட்டு வர்றப்பவே எங்களுக்குத் தெரிஞ்சிரும்"னான். பந்தலே கை தட்டி, விழுந்து விழுந்து சிரிச்சிச்சு. சந்தோசத்துல சிரிக்கிறாங்க. எனக்கே கண்ணு கலங்கிருச்சு.

வீட்டுலயும் அப்படித்தான். எங்க வீட்டம்மா பேரு இந்திராணி. ஒரே பொண்ணு, வாசுகி, காலேஜ்ல பாடம் நடத்துறா. அவ சின்னப் புள்ளையா இருந்தப்ப, நான் தெருமுனை திரும்புனாப் போதும், காத்து என் பக்கமிருந்து அடிச்சிச்சுன்னா வீடு அடங்கிரும். நான் செருப்பைக் கழட்டுறப்ப டிவி நின்னிருக்கும், பொண்ணு புஸ்தகத்தோட நிப்பா, இவ சமையக்கட்டு வாசல்ல தண்ணிச் செம்போட நிப்பா. ஒரு பேச்சு கிடையாது. எதுத்த வீட்டுல பாத்தா எப்பப் பாரு சிரிப்பும் கூச்சலும், அப்பன்காரன் முதுகுல புள்ளைங்க ஏறி உக்காந்திருக்கும். சந்தைக்கடை. அவனுக்கு அது ஒரு குடும்பம்!

நான் கோவக்காரன்தான், மறைக்கல. கொழம்புல உப்பு இல்லேன்னா தட்டு செவத்துக்குப் போகும். அது அந்த நிமிசத்தோட சரி. மனசுல எதையும் வச்சுக்க மாட்டேன். நான் மறந்துருவேன்.

பொண்ணுக்குக் கல்யாணம் ஆகல. முப்பத்தாறு ஆச்சு, வேண்டாம்னுட்டா. அவ சினேகிதி ஒருத்திகிட்ட, 'எங்கப்பா மாதிரி ஒருத்தரை நெனச்சாலே கல்யாணம் வேண்டாம்னு தோணுது'ன்னு சொன்னாளாம். பாவம். அப்பனை அவ்வளவு ஒசரத்துல வச்சிட்டா, வேற எவனும் கண்ணுக்கு எட்டல.

சரி, கதைக்கு வர்றேன். நாலஞ்சு வருசம் முன்னாடி டவுன்ஹால் ரோட்டுல வழக்கமா வாங்குற கடையில போய்க் கேட்டேன். "அது இனிமே வராது சார், கம்பெனி நிறுத்திட்டான்" அப்படீன்னான், ஏதோ கறிவேப்பிலை வரலங்கிற மாதிரி. ஊரெல்லாம் அலைஞ்சு, கடையில மிச்சம் கெடந்த புட்டி எல்லாத்தையும் அள்ளிட்டு வந்தேன். எத்தனை நாளைக்கு வரும்? தீந்துபோச்சு.

அது தீர்ற சமயத்துல எனக்கு ஒரு காய்ச்சல் வந்திச்சு. ஊரே படுத்துச்சே, அந்தக் காய்ச்சல்தான். பொழைச்சிட்டேன். ஆனா மூக்கு கொஞ்சம் மந்தமாப் போச்சு. கொஞ்சம்னா... வாசனை தெரியல. எதுவும் தெரியல. சமையக்கட்டுப் பக்கத்துலயே உக்காந்திருப்பேன், பால் தீஞ்சு ரூமெல்லாம் புகையா இருக்கும், இவ ஓடிவந்து அடுப்பை அணைச்சிட்டு என்னப் பாப்பா. டாக்டர் ஒருத்தன் நரம்பு போச்சுங்கிறான். அவன் கெடக்கான், அவனுக்கு என்ன தெரியும். இதை நான் வெளியில யாருகிட்டயும் சொல்றதில்ல. நீங்க சேலத்துல இறங்கிப் போயிருவீங்க, அதனால சொல்றேன்.

மூக்கு போனா என்ன? சென்ட்டு நமக்கா போடுறோம்? மத்தவங்களுக்குத் தெரியணும், மனுசன் வந்திருக்கான்னு.

அதான் போச்சு. பிரிகேடியர் தீந்ததுல இருந்து என் வீட்டுல நான் வந்திருக்கிறது ஒருத்தருக்கும் தெரிய மாட்டேங்குது. உள்ள நுழையிறேன், இவ சோபாவுல காலை நீட்டி சீரியல் பாத்துக்கிட்டு இருக்கா. எந்திரிக்கல. "வந்துட்டீங்களா"ன்னு கேட்டுட்டு டிவிக்குத் திரும்பிட்டா! சனிக்கிழமை பொண்ணு வருவா, ஆத்தாளும் மகளும் சமையக்கட்டுல கெக்கெக்கேன்னு சிரிப்பு. நான் வாசல்ல நின்னு கனைக்கணும். கனைச்சா, "என்னங்க, தொண்டை கட்டிருக்கா, வெந்நி வைக்கவா?"ங்கிறா. சௌந்திரபாண்டிக்கு வந்த கதியப் பாத்தீங்களா? எனக்குத் தூக்கம் வரல தம்பி. ஒரு மனுசனுக்குச் சோறு இல்லாட்டிப் பரவால்ல, அவன் வந்தா வீடு எந்திரிக்கணும். அது போச்சுன்னா அவன் வாடகைக்கு இருக்கிறவன்தான்.

அப்பத்தான் முடிவு பண்ணேன், பிரிகேடியரைத் திரும்பக் கொண்டாரணும்னு.

மொதல்ல அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டேன். ஒரு பொம்பளை கொரல், மெஷினு, அதை அமுக்கு இதை அமுக்குங்கிது. அமுக்கி அமுக்கி ஒருத்தன் வந்தான். "சார், அந்தப் பிராடக்டுக்கு இப்ப டிமாண்ட் இல்ல, எங்க புது டியோடரன்ட் ட்ரை பண்ணுங்க"ன்னான். தம்பி, அவன் அப்பன் என் வயசுதான் இருப்பான். அவன் அப்பன் மேல இருந்த வாசனை எதுன்னு அவனுக்கே தெரியாது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனைன்னு சும்மாவா சொன்னாங்க.

அப்புறம் நேரா ஓசூருக்கே போனேன். ஒரு தடவை இல்ல, பல தடவை. ரிசப்ஷன்ல உக்காந்துக்குவேன். சாயந்திரம் கேட்டைப் பூட்டுற வரைக்கும் உக்காந்திருப்பேன். பனியன் மாதிரி ஒண்ணைப் போட்டுக்கிட்டு ஒரு மேனேஜர் வந்தான், தாடி, காதுல கடுக்கன். இவன் ஆம்பளைங்க சாமான் விக்கிற கம்பெனிக்கு மேனேஜர்! "அங்கிள், எங்க கஸ்டமர் எல்லாம் இருபத்தஞ்சு வயசு"ங்கிறான். நான் கேட்டேன், "ஏன்ப்பா, அறுபது வயசுக்கு மேல ஆம்பளை செத்துட்டானா?" காப்பி வேணுமான்னு கேட்டான்.

நானும் விடல. பழைய மில்லு மாஸ்டருங்க, பேங்க்குக்காரங்க, ஒரு ரிட்டயர்டு ஜெயிலர், எல்லாரையும் புடிச்சு அந்தக் கம்பெனிக்குப் போன் போட வச்சேன். ஜெயிலர்தான் நல்லாப் பேசினாரு. கடைசியில மொதலாளியே கூப்புட்டாரு. ஆரம்பிச்சவரு போயிட்டாரு, இவரு மகன். தன்மையான ஆளு. "எங்கப்பாவும் இதைத்தான் போடுவாரு சார், எனக்கு மங்கலா ஞாபகம் இருக்கு. கம்பெனியோட அம்பதாவது வருசத்துக்கு ஒரு தடவை போட்டுப் பாப்போம். ஆனா பழைய சரக்குல சேத்த சில எண்ணெய் இப்ப வர்றதில்ல, புதுசாக் கலக்கணும். அது அதுதான்னு பழகினவங்க ஒருத்தரு சொல்லணும். நீங்க சரின்னு தலையாட்டுங்க, நான் போடுறேன்"னாரு.

நான் தலையாட்டணும்! எவ்வளவு பெரிய கம்பெனி, என் தலையாட்டலுக்குக் காத்திருக்கு. மூக்கு சமாச்சாரத்தை நான் ஏன் சொல்றேன்? "வீட்டுக்குக் கொண்டுபோய் நிதானமா மோந்து பாத்துத்தான் சொல்லுவேன்"னுட்டேன். வீட்டுல இந்திராணி இருக்கா. என் மேல அந்த வாசனையை நாப்பது வருசமா மோந்தவ. அவளை விட யாருக்குத் தெரியும்?

கலக்குறதுக்கு ஒரு பொண்ணைப் போட்டாங்க. பெனாசிர்னு பேரு. பாத்தா ப்ளஸ் டூ படிக்கிற மாதிரி இருக்கு, சென்ட்டு கலக்குறதுக்கே வெளிநாட்டுல படிச்சிட்டு வந்துச்சாம். அதுக்கும் படிப்பு! பிரிகேடியர் வந்தப்ப அதோட அம்மாவே பொறந்திருக்க மாட்டா. கண்ணாடிக் குழாயில சொட்டுச் சொட்டா விட்டு, காகிதத் துண்டுல நனைச்சு, "இது கிராம்பு பக்கம் போயிருக்கா சார், எலுமிச்சை பக்கம் போயிருக்கா?"ன்னு எங்கிட்டக் கேக்குது. நான் அதையும் மூக்குல வச்சு, கண்ணை மூடி, ரொம்ப நேரம் கழிச்சு, "இன்னும் கம்பீரம் வேணும்மா"ன்னேன். எழுதிக்கிச்சு.

மொதல் சாம்பிளைக் கொண்டுவந்தேன். இந்திராணிகிட்ட நீட்டுனேன். மோந்து பாத்தா. சிரிச்சா. "இது இல்லங்க"ன்னா. சிரிக்கவே வேண்டாம், சொல்லிட்டுப் போ. சரி, திருப்பிக் குடுத்தேன்.

ரெண்டாவதும் அப்படித்தான். "கிட்ட வந்திருக்கு, ஆனா இது இல்ல"ன்னா. கிட்டன்னதும் கொஞ்சம் தள்ளி நின்னுக்கிட்டா, ஏன்னு தெரியல. எனக்கு அந்தக் கம்பெனி மேலதான் ஆத்திரம். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம், அந்தப் பொண்ணு எண்ணெய் கிடைக்கல, மரப்பட்டை கிடைக்கலங்கிது.

மூணாவது சாம்பிள் ஒரு சனிக்கிழமை வந்துச்சு. சின்னப் புட்டி. இந்திராணி ரசம் வச்சிக்கிட்டு இருந்தா. நான் இந்தத் தடவை கையில ஊத்திக் கழுத்துல தேச்சுக்கிட்டு, அப்படியே பின்னாடி போய் நின்னேன். திரும்பிப் பாத்தா பாருங்க, கரண்டி கையில இருந்து நழுவிப் போச்சு. முந்தானையால மொகத்தைத் துடைச்சா. செவத்தோட ஒட்டிக்கிட்டா. அப்ப ஹால்ல டிவி ஓடிக்கிட்டு இருந்திச்சு, வாசுகி பாத்துக்கிட்டு இருந்தா. பொட்டுன்னு டிவி நின்னுச்சு. எட்டிப் பாத்தேன். காலேஜ்ல முந்நூறு புள்ளைங்களுக்குப் பாடம் நடத்துறவ, ரிமோட்டைப் புடிச்சிக்கிட்டு எந்திரிச்சு நிக்கிறா.

"என்னடி?"ன்னேன். "ஒண்ணுமில்லப்பா"ன்னா. கையைப் பாத்தா மயிர்க்கால் எல்லாம் சிலிர்த்து நிக்குது. அவ்வளவு கண்றாவியான நாத்தம் போல. இருந்த எடத்துல இருக்க முடியல அவளால.

இந்திராணியைப் பாத்தேன். குனிஞ்சு கரண்டியை எடுத்துக் கழுவுனா. அப்புறம், "இதுவும் இல்லங்க"ன்னா. பாவம். அவளுக்கும் ஏமாத்தம். எத்தனை ஆசையா இருந்திருப்பா.

ஓசூருக்குப் போன் போட்டுக் கிழிச்சிட்டேன். அந்தப் பெனாசிர் நம்பல. "சார், மெஷின்ல வச்சுப் பாத்துட்டேன், நீங்க குடுத்த பழைய புட்டியில ஒட்டியிருந்ததும் இதும் ஒண்ணுதான். வேற யார்கிட்டயாவது காட்டினீங்களா?"ங்கிது. மெஷின் சொல்றது பெருசா, நாப்பது வருசம் குடும்பம் நடத்துனவ சொல்றது பெருசா? அப்படித்தான் கேட்டேன். கேட்டதும், "அம்மாதான் மோந்து பாக்குறாங்களா?"ன்னு கேட்டுச்சு. ஆமான்னு சொல்லித் தொலைச்சிட்டேன். மறுவாரமே பஸ் ஏறி வீட்டுக்கு வந்திருச்சு.

வந்த பொண்ணு எங்கிட்ட உக்காரல. "அம்மாகிட்டக் கொஞ்சம் பேசணும்"னு சமையக்கட்டுக்குப் போயிருச்சு. உள்ள என்ன பேசினாங்களோ, கதவைச் சாத்திக்கிட்டாங்க. பொம்பளைங்க ரெண்டு பேர் சேந்தா என்ன பேசுவாங்க, கொழம்புக்கு எத்தனை மொளகான்னுதான். வெளிய வந்தப்ப அந்தப் பொண்ணு கண்ணெல்லாம் செவந்து கெடக்கு. வெங்காயம் நறுக்கிக் குடுத்திருக்கும்.

"சார், அம்மா சொல்றதுதான் சரி. இது அது இல்ல. அதை இனிமே யாராலயும் செய்ய முடியாது. ஃபைலை மூடிடுறேன்"னிச்சு. என் மூஞ்சியை நேராப் பாத்துச் சொல்லுச்சு. மெஷினு மெஷினுன்னு குதிச்ச பொண்ணு! தனக்கு வேலை தெரியலன்னு ஒத்துக்கிட்டுச்சு பாருங்க, அந்தமட்டும் பரவால்ல. போறப்ப இந்திராணி கையைப் புடிச்சிக்கிட்டு ஏதோ சொல்லிட்டுப் போச்சு. இவ வாசல் வரைக்கும் போய் வழியனுப்பிட்டு வந்தா. என் சம்பந்திக்குக் கூட, எனக்கு ஒரு சம்பந்தி இருந்தா, அப்படி அனுப்ப மாட்டா.

மூடுறதுக்கு அது யாரு? மொதலாளி நான் தலையாட்டணும்னாரு. நான் ஆட்டலையே. அதான் இன்னைக்குக் கிளம்பிட்டேன். அந்த மூணாவது சாம்பிளை மொதலாளி மூக்குக்கு முன்னாடி வச்சு, "உங்கப்பா மேல இந்தக் கண்றாவியா அடிச்சது?"ன்னு கேக்கப் போறேன். வேற நல்ல ஆளாப் போட்டுக் கலக்கச் சொல்லப் போறேன். விட மாட்டேன் தம்பி. வீட்டை அப்படியே விட்டுட்டு நான் சாக முடியாது.

காலையில கிளம்புறப்ப இந்திராணிதான் பையை எடுத்து வச்சா. புளியோதரை கட்டிக் குடுத்தா, புட்டியைத் துணியில சுத்தி நடுவுல வச்சா. "பத்திரமாப் போய்ட்டு வாங்க"ன்னா. நான் போற காரியம் அவளுக்கும் முக்கியம்ல.

இருங்க, காட்டுறேன். உங்களுக்கு அசல் எப்படின்னு தெரியாது, இருந்தாலும் போலி எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்கங்க. பஸ்ஸு குலுங்குது... இந்தா. மோந்து பாருங்க. மூக்கைக் கிட்டக் கொண்டுபோங்க, சிந்திராம.

என்ன முழிக்கிறீங்க? வாசம் வரலையா? உங்களுக்குமா? காய்ச்சல் வந்துச்சா உங்களுக்கு? இல்லையா? கைக்குட்டையில ஊத்துங்க. ஊத்துங்க பரவால்ல. ... என்னது? தண்ணியா?

வெறும் தண்ணியா? நல்லாப் பாருங்க தம்பி. குடுங்க இங்க. ... நாக்குல வச்சா இனிக்கவும் இல்ல, எரியவும் இல்ல. தண்ணிதான். நான் கழுத்துல தேச்சப்ப ஷேவ் பண்ணின எடம் எரிஞ்சுச்சே. அன்னைக்குத் தண்ணி இல்லையே. அந்தப் பெனாசிர் மாத்தி வச்சிட்டுப் போயிருக்கும். இருங்க, வீட்டுல கேக்குறேன்.

ஹலோ. நான்தான். கரூர் தாண்டியாச்சு. சாப்ட்டேன், சாப்ட்டேன், அது கெடக்கட்டும். அந்தப் புட்டியை யாரு தொட்டா? தண்ணியா இருக்கு. ... அந்தப் பொண்ணு தொட்டுச்சா? ... பின்ன? ... சத்தமாச் சொல்லு, பஸ்ஸு எரைச்சல்ல கேக்கல. ... யாரு, நீயா?

எங்க ஊத்துன? ... கக்கூஸ்லயா? ... ரெண்டு வாளி தண்ணி வேற விட்டியா? ஏன்டி, அது இல்லேன்னுதான சொன்ன, இல்லாததை எதுக்கு ஊத்துன? ... ம்? ... என்ன சொல்ற? ... மூணாவதுதானா? ... அதேதானா? அந்தப் பொண்ணுக்கும் தெரியுமா? ... வாசுகிக்குமா?

ஏய், நான் வந்து பேசிக்கிறேன் உன்னை. நான் உள்ள நுழையிறப்ப... ஹலோ? ... என்ன? திரும்பச் சொல்லு.

வச்சிட்டா. அவளே வச்சிட்டா தம்பி.

என்ன சொல்றான்னா, அவளுக்கு அந்த வாசனைன்னா பயமாம். மூணாவதை மோந்ததுமே அதேதான்னு தெரிஞ்சிருச்சாம். நாப்பது வருசம் அந்த வாசனைக்கு எந்திரிச்சு நின்னு காலு ஓஞ்சு போச்சாம். 'வாங்க, வந்து கத்துங்க, இந்தத் தடவை நான் உக்காந்துக்கிட்டே கேக்குறேன்'ங்கிறா. இந்திராணி சொல்றா! சென்ட்டுக்கு எவளாவது பயப்படுவாளா? நீங்க சொல்லுங்க. நான் என்ன பாம்பா? ஜன்னலை ஏன் பாக்குறீங்க, என்னப் பாத்துச் சொல்லுங்க.

சொல்லாட்டிப் போங்க. நான் திரும்பிப் போறதா இல்ல. ஓசூர் போறேன். மொதலாளியைப் பாக்குறேன். அதே மூணாவதைத் திரும்பக் கலக்கச் சொல்றேன், அதே மாதிரி, ஒரு பெரிய புட்டி. அவரு குடுப்பாரு. இந்தத் தடவை நானே பையில வச்சு நானே கொண்டுவருவேன். பூட்டி வைப்பேன்.

ஆனா ஒண்ணு. அவங்க ஒரு புட்டியை எடுத்து நீட்டி, இதுதான் சார்னு சொல்லுவாங்க. அந்தப் பொண்ணு இனிமே எங்கிட்டத் தண்ணியைக் கூடக் குடுக்கும். அது அதுதானான்னு எனக்கு யாரு சொல்லுவா?

நீங்க ஓசூர் வரைக்கும் வர முடியுமா தம்பி? அஞ்சு நிமிச வேலைதான், மோந்து பாத்து ஆமா இல்லன்னு சொன்னாப் போதும்.

இல்ல. உங்களுக்கு அது தெரியாதுல்ல. அவளுக்குத்தான் தெரியும்.